கல்லு வூட்டுச் சின்ன வாசல்

கல்லு வூடு,
கம்பைநல்லூர் வழி.
வைகாசி 26

பாப்பா கலைமதி, எப்படி இருக்கற? முட்டி வலி தேவலையா? மாப்ளைக்கு சக்கர கொறஞ்சிதா, இல்ல இன்னும் ஒளிச்சி வச்சி மிச்சர் திங்கறாரா? ராயபுரத்துல வெயிலு எப்படி? இங்க ரெண்டு மழ பேஞ்சி நின்னுபோச்சி. மொதல்ல இதுக்கெல்லாம் பதில் எழுது. சண்ட பொறவு போட்டுக்கலாம்.

சொல்றது உங்கண்ணன் தீர்த்தன். எழுதறது உங்கண்ணி காசியம்மா. எனக்குக் கையெழுத்து போடறதோட சரி. போன வாரம் வாசப்படி விஷயமா போன்ல நீ இன்னா சொன்ன? "வாயால பேசுனா நீங்க பேச்ச மாத்திடுவீங்க, இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க"ன்னு பட்டுனு வச்சிட்ட. சரி, எழுத்துலயே குடுத்துடலாம்னு போஸ்ட்டம்மா பிரியதர்ஷினிகிட்ட கவரு கேட்டேன். "இப்பல்லாம் யாருங்க லெட்டரு போடறாங்க, பேங்க்கும் கோர்ட்டும்தான்"னு சிரிச்சிது. "எங்கூட்டு சண்டயும் கோர்ட்டு மாதிரிதாம்மா"ன்னேன்.

வூட்டு முன்னால ஒரு போர்டு நட்டாங்களே, 'பாரம்பரியக் கட்டிடம்'னு, நீ எழுதிப் போட்டு வாங்குனது. அதுல நம்ம எரும முதுகு சொறிஞ்சி சொறிஞ்சி ஒரு பக்கமா சாச்சிடுச்சி. நான் நிமுத்தி வச்சேன். கோவத்துல இருக்கறேன், ஆனாலும் நிமுத்திதான் வச்சேன். அத நீ தெரிஞ்சிக்கணும்.

போர்டோட ஒரு பேப்பரும் வந்துது. கல்லத் தொடக்கூடாது, படிய ஒடைக்கக்கூடாது, வாசக்கால மாத்தக்கூடாதுன்னு. எரும சொறியக்கூடாதுன்னு மட்டுந்தான் போடல.

வர்ற ஆடி வந்தா காசி ஆட்டோ கவுந்து முதுகு போயி ஒரு வருஷம். இடுப்புக்குக் கீழ அவளுக்கு எதுவும் தெரியல. வீல் சேரு வந்துச்சி. அதுல ஒக்காந்து ஹாலுக்கும் முன் ரூமுக்கும் தானே உருட்டிகினு போறா, வர்றா. வாசக்கிட்ட வந்தா நின்னுடுது. அஞ்சு படி, ஒவ்வொண்ணும் மொழங்கால் ஒசரம், அதுக்கு மேல வாசக்கல்லு வேற. ஆஸ்பத்திரி போவணும்னா ரெண்டு ஆம்பளைங்க சேரோட தூக்கி எறக்கறாங்க. அவளுக்கு அது ஆவல. கண்ண இறுக்க மூடிக்குவா. நடுவுல பாத்ரூம் வந்தா இன்னொரு தரம் தூக்கச் சொல்லணுமேன்னு, மொத நாளே தண்ணி குடிக்கறத நிறுத்திடுவா.

(இத எழுத வேணாம்னு சொன்னேன். எழுதுங்கறாரு. எழுதிட்டேன். – காசி)

அதனால படிய ஒடச்சி சரிவு போடப் போறேன். திருமால் மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சி. நீ அந்த போர்டு குடுத்த கமிட்டிக்காரங்ககிட்ட சொல்லிடு. காசி யாரு கையும் படாம தானா வெளிய வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

உங்கண்ணன்,
தீர்த்தன்


ராயபுரம்,
சென்னை.
16 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை மிச்சரை இப்போது என் புடவை அலமாரியில் ஒளித்து வைக்கிறார். புடவையெல்லாம் பெருங்காய வாசனை. பதில் எழுதிவிட்டேன், இனி சண்டைக்கு வரலாம்.

எழுத்தில் கொடுங்கள் என்று கோபத்தில் சொன்னேன். நிஜமாகவே எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கவரில் அண்ணியின் குண்டு குண்டான எழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அண்ணா, நான் எதற்காக அந்த விண்ணப்பத்தைப் போட்டேன் என்பதை மறந்துவிட்டீர்களா? இரண்டு வருடம் முன்பு ஓசூரிலிருந்து ஒருவன் வந்தான். கல்லையெல்லாம் நம்பர் போட்டுப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஏதோ ரிசார்ட்டில் அடுக்கப் போவதாகச் சொன்னான். அவன் தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்தபோது நீங்கள் வெளியே போகச் சொன்னீர்கள். நீங்கள் இருக்கும்வரை சரி. உங்களுக்கும் எனக்கும் பிறகு? நம் பிள்ளைகளில் ஒருவன் துபாயில், ஒருத்தி கோவையில்.

எங்கள் தெருக்கோடியில், துறைமுகத்துக்குத் திரும்பும் சந்தில், ஒரு பழைய கல் மாளிகை உண்டு. முப்பது வருடம் அதைத் தாண்டித்தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பாதி இடிந்து கிடந்ததற்குப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்து, கூரையும் வண்ணமும் வந்தபோது, நம் கல்லு வூடு அதைவிட எதில் குறைந்தது என்று தோன்றியது. நீங்கள் சொல்லச் சொல்ல அதன் வரலாற்றைப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். உங்களுக்குப் படித்தும் காட்டினேன். "வூட்டக் கட்டுன தொர எழுந்து வந்தாக்கூட இதுல ஒரு தப்பு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?

அப்போது அண்ணி நடந்துகொண்டிருந்தார். இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். படிகளை உடைக்காமல் மேலே மரத்தால் ஒரு சாய்தளம் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பொறுங்கள். படியில் உளி வைக்காதீர்கள். அண்ணி, நீங்களாவது சொல்லுங்கள்.

கலைமதி


கல்லு வூடு.
ஆனி 11

பாப்பா, மாப்ளைய மிச்சர வேற எடத்துல வைக்கச் சொல்லு. அரிசி டப்பா நல்ல எடம். பொம்பளைங்க அதத் தெனமும் தொறப்பீங்க, ஆனா அடியில பாக்க மாட்டீங்க. நீ நல்லா இருக்கறியா?

மரப்பலக சரிவு போட்டுப் பாத்தாச்சி. நீ சொல்றதுக்கு முன்னாலயே. பழைய வண்டிப் பலக ரெண்ட படி மேல சாச்சி, நான் பின்னால புடிச்சிகினு, காசிய எறக்குனேன். அப்பறம் நடந்தத அவ எழுத மாட்டேங்கறா. சரி, வுட்டுடு. அவளுக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் தாவாங்கட்டையில தையல். திருமால் வந்து நூலு புடிச்சிப் பாத்துட்டு, "மாமா, இந்த ஒசரத்துக்கு சேரு ஒழுங்கா எறங்கணும்னா சரிவு கெணத்துக்கிட்ட போயி முடியும். நேரா உள்ள போயிடலாம், வாளி வேணாம்"ங்கறான். அவனுக்கு வாயி ஜாஸ்தி. அதான் படியையும் வாசக்கல்லயும் கொத்தித் தாழ்த்திட்டா சரிவு சின்னதாவும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஏன் இவ்ளோ ஒசரம்னு ஒனக்குத் தெரியும். ஆனா நீ எழுதுன பன்னெண்டு பக்கத்துல அத பெரிய பெரிய வார்த்தையில எழுதிட்ட. நான் சொன்ன மாதிரி எழுதல. 'உயர்ந்த அடித்தளம்'னு போட்டிருந்த. அடித்தளமும் இல்ல ஒண்ணும் இல்ல. பயம். மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்கு சின்ன ரயிலு போட வந்தானே இஞ்சினியர் தொர, அவனுக்கு ஒரு காது கேக்காது, பாம்புன்னா ரெண்டு காலும் நவுராது. வந்த மொத வாரம் கூடாரத்துல பூட்ஸுக்குள்ள ஒரு கண்ணாடி விரியன் படுத்திருந்துச்சாம். அவ்ளோதான், பாம்பு ஏற முடியாத மாதிரி வூடு கட்டுங்கடான்னுட்டான். கல்லொடைக்கறவங்க சிரிச்சிகினே கட்டுனாங்களாம். பாம்புக்கு படி வேணுமா? அது செவுத்துலயே ஏறும். அதத் தொரகிட்ட யாரு சொல்றது?

அந்த ரயிலு இருக்குதே, அது ஒரு தனிக் கத. மேட்டுல ஏறும்போது ஆளுங்க எறங்கி புளி பொறுக்கிகினு மறுபடி ஏறிக்குவாங்கன்னு தாத்தா சொல்வாரு. ஒரு தரம் ஒரு மாப்ள எறங்கி பொண்ணு பாத்துட்டு வந்து ஏறுனான்னு கூட சொல்வாரு. அத நான் நம்பல. பொண்ணு பாத்தா காப்பி குடிக்காம வுடுவாங்களா, ரயிலு போயிடும் இல்ல? அப்பறம் ஜெர்மன்காரன் சண்ட வந்துச்சி, தண்டவாளத்தப் புடுங்கி எடுத்துகினு போயிட்டாங்க. தொர வூடு ஏலத்துக்கு வந்துச்சி. நம்ம தாத்தா முனியப்பன் ரயிலு போடறதுக்கு மாட்டு வண்டியில ஜல்லி ஓட்டுன ஆளு. வூட்டக் கட்டும்போதெல்லாம் படிக்குக் கீழயே நின்னு சலாம் போட்டவரு. ஏலத்துல எடுத்த அன்னைக்கி ஏறுனாரு, எறங்குனாரு, ஏறுனாரு, எறங்குனாராம். சாயங்காலம் வரைக்கும். காலு வீங்கிப்போச்சி.

அவரு தோள்ல ஒக்காந்து அந்தப் படியில நானும் ஏறியிருக்கேன். நீயும்தான். அந்தக் கல்லு மேல எனக்கும் பிரியம் இல்லாம இல்ல. ஆனா கல்லு கல்லுதான், காசி காசிதான். கமிட்டி பதிலு எப்ப வரும்? புளி பூத்து காய்ச்சி உலுக்கற வரைக்குமா? அவ ஜன்னல்லயே ஒக்காந்திருக்கறா. பேச்சு கொறஞ்சிடுச்சி. நீ லெட்டரு எழுதச் சொன்னது ஒண்ணுதான் நல்ல காரியம், பேனாவ எடுத்தா மட்டும் கொஞ்சம் சிரிக்கறா. அவ முன்வாசல்ல ராணி மாதிரி எறங்கி வரணும். நான் கீழ நிக்கணும்.

ஆனி 27 வெள்ளிக்கெழம திருமால் உளியோட வர்றான். சொல்லிட்டேன்.

தீர்த்தன்

(தையல் ஆறிடுச்சி. எரும கன்னு போட்டிருக்குது. கெடேரி. நான் இன்னும் பாக்கல. – காசி)


ராயபுரம்.
3 ஜூலை 2025

அண்ணா,

திருமால் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "அக்கா, மாமா படியக் கொத்தச் சொல்றாரு. எங்க தாத்தன் கொத்துன கல்லு அது, நான் கொத்துனா கனவுல வந்து ஒதைப்பாரு. ஆனா மாட்டேன்னு சொன்னா மாமா இப்பவே ஒதைப்பாரு. நான் இன்னாதான் பண்றது?" என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உங்களுக்குத் தாடையில் தையல் போடும் அளவுக்கு அடிபட்டிருக்கிறது. அண்ணி அந்தச் சேரோடு உருண்டிருந்தால்? எனக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லத் தோன்றவில்லையா? நான் கோபத்தில் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததைக்கூட ஒரு வாரம் கழித்துத் தபாலில் தெரிவிப்பீர்களா?

கமிட்டியில் இன்னும் பதில் இல்லை. தினமும் கேட்கிறேன். ஒரு முறை உளி பட்டுவிட்டால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள், அப்புறம் ஓசூர்க்காரன் வருவான். அண்ணி வெளியே வர வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை குறைவு என்று நினைக்கிறீர்களா? அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவர் அவர். என்னைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி உங்களிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தவர் அவர்.

என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. கொத்துவதானால் கொத்திக்கொள்ளுங்கள். நான் அந்த வீட்டுப் பக்கம் வர மாட்டேன்.

கலைமதி


கல்லு வூடு.
ஆனி 30

பாப்பா, நல்லா இருக்கறியா? கோவத்துல சாப்பாட்ட நிறுத்தியிருப்ப. சாப்புடு. ஒனக்கு சின்ன வயசுலயே பசி தாங்காது, பசிச்சா கோவம் வரும், கோவம் வந்தா சாப்புட மாட்ட. இது எப்படித் தீரும்?

வெள்ளிக்கெழம திருமால் வந்தான். வந்தவன் உளிய சாணை புடிச்சான், டீ குடிச்சான், பீடி குடிச்சான், மறுபடி சாணை புடிச்சான். "டேய், உளி ஊசியாயிடும்டா, அடிடா"ன்னேன். கடசியில மேல் படி ஓரத்துல வச்சி ஒரு அடி அடிச்சான். ஒரு சில்லு தெறிச்சிது, நெகம் அளவு. உள்ளயிருந்து காசி ஒரு சத்தம் போட்டா பாரு. ஆட்டோ கவுந்தப்பக்கூட அப்படி கத்தலயாம். "நிறுத்துங்க"ன்னா. திருமாலு உளியப் போட்டுட்டு ஓடியே போயிட்டான். உளி இன்னும் இங்கதான் கெடக்குது.

ஏன்டி நிறுத்தச் சொன்ன, ஒனக்காகத்தானேன்னு கேட்டேன். ரெண்டு நாளு பேசல. இன்னைக்கிதான் பேனாவக் கொண்டாங்கன்னா. எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா. ஒனக்காவது புரியுதா? அவ மனசுல இன்னா இருக்குதுன்னு நீதான், இரு, எரும கயிற அத்துக்கிச்சி, தோ வரேன்...

கலை, உங்கண்ணன் எரும பின்னால ஓடுறாரு. வர நேரமாவும், அதுக்கு அவர் மேல மரியாத கெடையாது. அதுக்குள்ள நான் எழுதிக்கறேன்.

நீயும் அண்ணனும் அந்தப் படிக்காகச் சண்ட போடறீங்க. நான் ஒக்காந்து எழுதிக் குடுத்துகினு இருக்கறேன். ரெண்டு பேரும் எம்மேல பிரியத்துலதான் அடிச்சிக்கறீங்க, அதக் கேக்க நல்லா இருந்துச்சி, அதான் நிறுத்த மனசு வரல. ஆனா கல்லு தெறிச்சப்ப மனசு தாங்கல. இனிமேயும் சொல்லாம இருந்தா தப்பு.

அந்த முன் படியில நான் ஏறுனது ஒரே தரந்தான் கலை. கல்யாணத்தன்னைக்கி. வலது காலு வச்சி ஏறுன்னாங்க, பொடவ தடுக்கி வாசக்கல்லுல கட்டவெரல இடிச்சி ரத்தம் வந்துச்சி. யாருக்கும் தெரியாம ஒரு வாரம் மஞ்ச வச்சிகினு நடந்தேன். அதுக்கப்பறம் அந்தப் பக்கம் எனக்கு இன்னா வேல? உங்கப்பா இருப்பாரு, எப்பவும் நாலு ஆம்பளைங்க ஒக்காந்திருப்பாங்க. நாங்க மருமகளுங்க எல்லாம் கெழக்கால சின்ன வாசல்ல போயி வந்தவங்க. நீ வூட்டுப் பொண்ணு, முன்னால ஏறி எறங்கி ஆடுவ, ஒனக்குத் தோணியிருக்காது. தொர குளிக்கற ரூமுல ஜன்னல் இருந்த எடத்த ஒடச்சி, பொம்பளைங்க போவ வர தாத்தா வச்ச வாசலாம் அது. ரெண்டு பக்கமும் செங்கல்லு. உங்கம்மாதான் எனக்குச் சொன்னாங்க. "தலைய குனிஞ்சிக்கோ காசி, ஒசரம் பத்தாது"ன்னாங்க. வந்த புதுசுல அவுங்க சொன்ன மொத வார்த்த அதுதான்.

எனக்கு அடிபட்டதுக்கு அப்பறம் கட்டில காத்து வரும்னு முன் ஹாலுல போட்டாரு. அந்த சின்ன வாசல் ரூமுல புளி மூட்டைய அடுக்கி, வாசல மறைச்சிட்டாங்க. அப்படி ஒரு வாசல் இருக்கறதே இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல.

எனக்கு முன்னால போயி ரோட்டப் பாக்கணும்னு இல்ல கலை. அந்தப் பக்கம்தான் தொவைக்கற கல்லு, முருங்க, மாட்டுக் கொட்டா. கோழி எங்க முட்ட வைக்குதுன்னு உங்கண்ணனுக்குத் தெரியல. அது வேலி ஓரம் ஒரு சட்டியில வைக்கும், எனக்குத்தான் தெரியும். அந்தக் கன்னுக்குட்டியப் பாக்கணும். கெழக்கால மண்ணு மேடு, வாசலுக்கும் தரைக்கும் ஒரு சாணுதான். ரெண்டு கூட மண்ணு கொட்டி, செங்கல்ல ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்தா சேரு போவும்.

எங்காலுக்காக எல்லாரும் பேசுறீங்க. அது நடந்த வழிய மட்டும் ஒருத்தரும் கேக்கல. கோவமா சொல்லல கலை. நானும்தான் சொல்லாம இருந்தேன். உங்கண்ணன் நான் ராணி மாதிரி எறங்கணுங்கறாரு. அவருகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ சொல்லு.

வந்துட்டாரு. முட்டியில சேறு.

காசி


ராயபுரம்.
21 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

அண்ணி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொர இருக்கிறார், ரயில் இருக்கிறது, தாத்தா படியேறியது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. தேக்குக் கதவில் எத்தனை இதழ்ப் பூ என்றுகூட எழுதியிருக்கிறேன். அம்மா இல்லை. நீங்கள் இல்லை.

அம்மா எந்த வாசல் வழியாக வந்து போனார் என்று யோசித்துப் பார்த்தேன். இடுப்பில் குடத்தோடு குனிந்து குனிந்து அந்தச் சின்ன வாசலில் நுழைந்ததுதான் நினைவுக்கு வருகிறது. நெற்றியில் எப்போதும் ஒரு பக்கம் சிராய்ப்பு இருக்கும், அது எதனால் என்று நான் கேட்டதேயில்லை. அம்மா முன்வாசல் வழியாக இறங்கியதைப் பார்த்தது ஒரு நாள்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எனக்குப் பதிமூன்று வயது.

அண்ணா, அண்ணி உங்களிடம் நேரில் சொல்லத் தயங்கியதை நான் சொல்கிறேன். அவருக்கு முன்வாசல் வேண்டாம். கிழக்குப் பக்கத்துச் சின்ன வாசல்தான் வேண்டும். இதில் உங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. அவர் போய்வந்த வழியில் மறுபடி போக ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். ராணி எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று ராணிதானே சொல்ல வேண்டும்?

கமிட்டியிடம் கேட்டுவிட்டேன். அந்த வாசலை என்ன செய்தாலும் தடையில்லை. ஏன் தெரியுமா? விண்ணப்பத்தில் அதைப் பற்றி நான் எழுதியது ஒரே வரி: 'கிழக்கில் ஒரு செங்கல் திறப்பு, பிற்காலச் சேர்க்கை, முக்கியத்துவம் இல்லை.' நான் முக்கியத்துவம் இல்லை என்று தள்ளியதால்தான் அது தப்பித்திருக்கிறது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மொரப்பூரில் இறங்குகிறேன். வர மாட்டேன் என்று எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். மூட்டைகளை நகர்த்தி வையுங்கள். திருமாலைக் கூப்பிடுங்கள், யாரும் உதைக்க மாட்டார்கள் என்று சொல்லி.

கலை


கல்லு வூடு.
ஆவணி 4

பாப்பா, ஊருக்கு நல்லபடியா போயிச் சேந்தியா? ரயில்ல சீட்டு கெடைச்சிதா? நான் குடுத்து அனுப்புன புளிய மாப்ள பாத்தாரா, இல்ல அதுக்கும் அலமாரியா? செங்கல்லு தூக்குன கையி காப்பு காச்சிருக்கும், தேங்கா எண்ண தடவு.

எழுத்து வேற மாதிரி இருக்குதேன்னு பாக்காத. இது போஸ்ட்டம்மா பிரியதர்ஷினி எழுதறது. வெளிய வண்டிய ஆஃப் பண்ணாமயே வந்து ஒக்காந்திருக்குது. "மாமா, சுருக்கா சொல்லுங்க, இன்னும் மூணு ஊரு இருக்குது"ங்குது. நான் சுருக்காத்தான் சொல்றேன். காசி ஏன் எழுதலன்னு கேப்ப. அவ வூட்ல இருந்தாத்தானே?

நீ போன மறுநாளு காலையில நான் எந்திரிச்சிப் பாக்கறேன், கட்டிலு காலி, சேரும் காலி. ஒரு வருஷமா காலையில கண்ண முழிச்சா அங்கதான் இருப்பா. சின்ன வாசல் தொறந்து கெடக்குது, வெளிச்சம் உள்ள வுழுந்திருக்குது. எட்டிப் பாத்தா கொட்டாயில இருக்கறா. கன்னுக்குட்டி அவ மடியில தலைய வச்சிகினு சேரு கைப்புடிய நக்குது. "யாருடி ஒன்ன எறக்குனது?"ன்னேன். "யாரு எறக்கணும்?"னா. அப்படிக் கேட்டா பாரு பாப்பா.

நீ அந்த செவுத்துல இருந்து மொத செங்கல்ல உருவுனப்ப அழுதத நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னா நான் அழுததயும் நீ பாத்தேன்னு சொல்லுவ. அதனால ரெண்டு பேரும் பாக்கல. திருமாலு பாத்திருப்பான். அவன் ஊரு பூரா சொல்லியிருப்பான்.

அப்பறம் அன்னைக்கி மத்தியானம் வூட்டச் சுத்தி சேர உருட்டிகினு முன்பக்கம் வந்தா. போர்டுக்குப் பக்கத்துல நிறுத்தி, அண்ணாந்து வூட்டப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் மேல படியில ஒக்காந்திருந்தேன். "எவ்ளோ பெருசா இருக்குதுங்க"ன்னா. "ஏன், இப்பதான் பாக்கறியா?"ன்னு சிரிச்சேன். "இங்க நின்னு இப்பதான் பாக்கறேன்"னா. எனக்கு சிரிப்பு நின்னுபோச்சி பாப்பா. நாப்பது வருஷமா ஒரே வூட்ல இருந்திருக்கோம். நான் எறங்கிப் போயி அவ பக்கத்துல நின்னு பாத்தேன். அங்கிருந்து பாக்க வேற வூடு மாதிரிதான் இருந்துச்சி.

இப்ப அவ தெனமும் வெளியதான். கடலக்கா கொல்லைக்கு களை எடுக்க வர்ற பொம்பளைங்ககிட்ட வரப்புல இருந்தே அதட்டறா. கோழி முட்டைய எடுத்துட்டா. முருங்கைக்குக் கீழ நாலு பேரு வந்து ஒக்காந்து ஊருக் கத பேசறாளுங்க. தண்ணி ஒரு சொம்பு வேணுங்கறா, இன்னும் ஒரு சொம்புங்கறா. அதக் கேக்கும்போது எனக்கு, இரும்மா, போஸ்ட்டம்மா, அத அப்படியே எழுது, ரெண்டு சொம்புன்னு எழுது, அது பாப்பாவுக்குப் புரியும்.

ஒரு கொற மட்டும் இருக்குது. அவ வெளிய வரணும் வெளிய வரணும்னு ஒரு வருஷம் நின்னேன். வந்துட்டா. இப்ப வூட்டுக்குள்ள நான் ஒண்டியா ஒக்காந்திருக்கேன். யாருகிட்ட கத சொல்றது? எரும கேக்கும், ஆனா நடுவுல எந்திரிச்சிப் போயிடும். மத்தியானத்துல கல்லு வூடு ரொம்ப சில்லுனு இருக்குது பாப்பா. அவ ஒக்காந்திருந்த ஜன்னல்ல நான் போயி ஒக்காந்து பாத்தேன். ஒரு புளியமரம், ஒரு மேடு, அவ்ளோதான் தெரியுது. இத வச்சிகினு ஒரு வருஷம் எப்படி ஓட்டுனான்னு

"ஏங்க! ஏங்க, காதுல வுழுதா இல்லையா?"

பாரு, கூப்புடுறா. தோ வந்துட்டேன்டி! கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சாம், முருங்கப் பக்கம் ஓடுதாம். பாப்பா, நான் இன்னும் சொல்ல வந்த விஷயத்தயே சொல்லல. என் செருப்பு முன்னால படியில கெடக்குது, அங்க போயி மாட்டிகினு சுத்தி வர நேரமில்ல, நான் இப்படியே அவ வாசல் வழியாவே